மச்சானுக்கு, இன்வைட் விஷயமாக

கிழக்கு தாம்பரம்,
ஞாயிறு, காலைப் பூசை முடிந்து.

மதிப்பிற்குரிய மச்சான் சவுரிமுத்து அவர்களுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு நானும் தபீதாளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கோவிலம்பாக்கத்தில் நீங்களும் அக்கா அமலராணியும், மணப்பெண் ஜீவிதாவும், அவள் அண்ணன் ஜோஷ்வாவும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரில் வந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம், யாராவது கூப்பிட்டால்.

இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று இன்று பூசையில் முடிவு செய்தேன். உங்கள் புதுவீட்டைச் சாமியார் வந்து மந்திரித்த அன்று என்னைச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பந்தி போடும்போது "அவர் நம்ம வீட்டு ஆள், கடைசில சாப்பிட்டுக்குவாரு" என்று நீங்கள் சொன்னீர்கள். கடைசிப் பந்திக்குக் குழம்பு வந்தது, அதில் கறி வரவில்லை. அன்று வாயைத் திறக்கவில்லை. ஜீவிதா முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் ஸ்டுடியோக்காரர் என் முகத்தில் பாதியை வெட்டினார். மீதிப் பாதியை மறைத்து நீங்கள் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்தீர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பூச்சாடியைப் பார்த்துக்கொண்டே உங்கள் வீட்டுக் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறேன். அப்போதும் திறக்கவில்லை. ஆனால் இப்போது நடந்திருப்பது பந்தியோடும் படத்தோடும் சேர்த்து விழுங்கக்கூடிய விஷயம் இல்லை.

விஷயம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. இன்வைட்.

நான் ஆங்கிலத்தில் எம்.ஏ., எம்.ஃபில். துறைத்தலைவர் பதவி எனக்கு வராமல் என்னைவிட இளையவருக்குப் போனது ஏன் என்பது வேறு கதை, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுவேன். இன்ஜினியரிங் கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரிந்தவரை, இன்வைட் என்பது ஒருவர் செய்கிற காரியம். அவர் இன்னொருவர் வீட்டைத் தேடிப் போக வேண்டும், மாடியேற வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிக்க வேண்டும், "குடும்பத்தோட வந்துடணும், சொல்லலன்னு இருக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். இப்போது இந்தக் காரியம் ஒரு சாமானாகிவிட்டது. அனுப்பலாம், வாங்கலாம், தொலைக்கலாம். சாமானான பிறகு அதை மறுபடி காரியமாக்க வேண்டியிருப்பதால் நம் ஆட்கள் அதற்குப் பின்னால் ஒரு 'பண்ணு'வை மாட்டிவிடுகிறார்கள். "இன்வைட் பண்ணிட்டேன்" என்கிறார்கள், "இன்வைட் அனுப்பிட்டேன்" என்கிறார்கள், கேட்டால் ரெண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். ரெண்டும் ஒன்று என்றால் அனுப்புகிறவன் வரவே வேண்டியதில்லை. என் வயிறு எரிவது அங்கேதான்.

உங்கள் மகன் ஜோஷ்வா சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், பிஸியானவன், ஒப்புக்கொள்கிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் போன் செய்தான்.

"மாமா, இன்வைட் வந்துச்சா?"

"யார் வந்தது?"

"இன்வைட் மாமா. மெயிலும் போட்டிருக்கேன், பாத்துருங்க. சூப்பரா டிசைன் பண்ணிருக்கேன்."

"நேர்ல வந்து கூப்பிட்டா ஆகாதா?"

"வந்தேனே மாமா. நீங்க காலேஜ் போயிட்டீங்க, அத்தையும் இல்ல. மாமா, லைன்ல இருங்க, மேனேஜர் கூப்புடுறாரு."

லைனில் இருந்தேன். அவன் இல்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து பூட்டைக் கும்பிட்டுவிட்டுப் போவதெல்லாம் வருகையில் சேராது என்று அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஜீவிதாவுக்கு நான் ஒரே தாய்மாமன் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நலங்கில் அவள் கன்னத்தில் படுகிற முதல் சந்தனம் என் கைச் சந்தனம். மாலை வரவேற்புக்கு அவள் கட்டப்போவது மாமன் சேலை. அதை எடுத்து பீரோவில் வைத்தாயிற்று, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு முழு விலைக்கு எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளவும். இப்படிப்பட்ட ஆளுக்கு நீங்களும் அக்காவும் சேர்ந்து வந்து, தட்டில் பழமும் கல்கண்டும் வைத்து, ஊரில் மற்ற எல்லோருக்கும் முன்னால் பத்திரிகை வைப்பீர்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் வருவீர்கள் என்று ஞாயிறுதோறும் பூசைக்குத் தவிர வெளியே போகாமல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தபீதாள் அச்சுமுறுக்கு சுட்டு வைத்தாள். அது நமத்துப்போனது. மறுபடி சுட்டாள். அதுவும் நமத்தது. நமத்ததை நானே சாப்பிட்டேன், இப்போது டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதால் கல்யாண அறிவிப்பு ஓலையை எங்கள் கோயிலிலும் வாசித்தார்கள். சாமியார் உங்கள் பெயரையும் அக்கா பெயரையும் ஒலிபெருக்கியில் சொன்னபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தோர் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றார் சாமியார். தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்காதது தடையில் சேருமா என்று சந்தேகம் கேட்கத்தான் லேசாக எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து தபீதாள் பார்த்த பார்வையில் முழங்கால்வலி வந்தவனைப் போல உட்கார்ந்துவிட்டேன். பூசை முடிந்து வெளியே வந்ததும், "எந்திரிச்சிருந்தீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள். அவள் அம்மா வீடு நடந்து போகிற தூரம்தான், இருந்தாலும் சொன்ன விதம் சரியில்லை.

கல்லூரியிலும் இதே கேள்வி. என் பக்கத்து மேஜை தனக்கோடி, கணக்கு வாத்தியார், நல்ல மனிதர், ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "இன்னா சார், அக்கா பொண்ணுக்குக் கல்யாணமாமே. இன்வைட் எதுவும் கண்ல படல?" என்றார். "எனக்கே வரல, உங்களுக்கு எங்கேருந்து வரும்" என்றேன். அவர் "அப்டியா சார், சரி சார்" என்று டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறார். என் துக்கத்துக்கு அவர் தரும் மரியாதை அது. தபீதாளின் தங்கைகூட, பள்ளிக்கரணையிலிருந்து நாள் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தவள், எங்கள் மனநிலையை மதித்துப் பண்ணுவதை நிறுத்திவிட்டாள். வெளி ஆட்களுக்கு இருக்கிற இங்கிதம் சொந்த மச்சானுக்கு இல்லை.

சரி, மெயிலில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று எங்கள் மாடிக்குக் கீழே உமர் பாய் வைத்திருக்கிற ஜெராக்ஸ், பிரவுசிங் கடைக்குப் போனேன். நாற்காலி பள்ளமாகிப்போய் என் மோவாய்தான் மேஜைக்கு எட்டியது. பாய் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதக் கட்டை இழுத்து நாற்காலியில் போட்டு, "பேப்பர் கட்டு சார், இத்த போட்டு குந்துங்க, ஹைட் வரும்" என்றார். குந்தினேன். ஹைட் வந்தது. உங்கள் மகன் அனுப்பிய சாமானைத் திறந்தேன். திரையில் ரெண்டு புறா பறந்தது, உள்ளேயிருந்து ஆர்கன் சத்தம் கிளம்பியது. ஹெட்போன் இல்லாததால் கடையில் கேம்ஸ் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

"இன்னா சார், வூட்ல விசேஷமா? புறால்லாம் பறக்குது" என்றார் பாய். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்ல பாத்தீங்களா."

"எனக்கே யாரும் சொல்லல பாய்" என்றேன். பாய் ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார். அவரும் வருத்தப்பட்டார்.

புறா போனதும் எழுத்து வந்தது. முதல் வரி, "டியர் ஆல்." மச்சான், நான் ஆல் இல்லை. உங்கள் மகனோடு வேலை பார்க்கிறவர்கள், அவனோடு கிரிக்கெட் ஆடுகிறவர்கள், அவனுக்கு டூவீலர் லோன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஆல். அவன் தாயோடு பிறந்த நான் ஆல் கிடையாது. கடைசியில், வருகிறீர்களா என்று கேட்டு மூன்று பொத்தான் இருந்தது: யெஸ், நோ, மேபி. தாய்மாமனைப் பார்த்து மேபியா என்று கேட்கிற காலமும் வந்துவிட்டது. நான் நோவை அழுத்தினேன். அழுத்தியதும் மறுபடி ஒரு புறா வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனது.

அன்று மாலையே ஜோஷ்வா போன் செய்தான். "மாமா, நோ போட்டிருக்கீங்க. தெரியாம கை பட்டுச்சா?" "தெரிஞ்சேதான் பட்டுச்சு" என்றேன். "அம்மாகிட்ட என்ன மாமா சொல்றது?" என்றான். "டியர் ஆல்னு ஆரம்பிச்சுச் சொல்லு" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு உங்கள் பக்கமிருந்து சத்தமே இல்லை. சேலையை என்ன செய்வது என்று தபீதாளிடம் கேட்டேன். "ரசீதத் தொலைச்சிட்டீங்க, கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். பேசாம போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். சேலையை எடுக்கும்போது என்னைக் கேட்காதவள் இப்போது என் ரசீதைக் குறை சொல்கிறாள்.

ஆகவே, மச்சான், இந்தக் கடிதத்தின் சாரம்: நான் வருவதாக இல்லை. நலங்குக்கும் இல்லை, பூசைக்கும் இல்லை, வரவேற்புக்கும் இல்லை. முதல் சந்தனத்தை நீங்கள் யாருக்கு ஒழுங்காக இன்வைட் பண்ணினீர்களோ அவர்களை வைக்கச் சொல்லுங்கள். குழந்தை ஜீவிதாவுக்கு மட்டும் என் ஆசீர்வாதம். அவள் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், அவள் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்திலாவது எல்லோருக்கும் முழு முகம் இருக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். உங்களுக்கும், முறை என்று ஒன்று இருப்பதால்.

இப்படிக்கு,

பி.கு.: மேலே 'இப்படிக்கு' என்று எழுதி, பெயரை டிகிரியோடு போடுவதா டிகிரி இல்லாமல் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். உமர் பாய். கையில் அந்தப் பழுப்புக் காகிதக் கட்டு.

"சார், இது உங்குளுதாம். நான் தொழுகைக்குப் போயிருந்தப்ப ஜோஷ்வா தம்பி வந்து நம்ம வூட்டம்மா ஜஹீராகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கு. 'மாமாகிட்ட சேத்துடுங்க'ன்னு சொல்லிச்சாம். அவ மேஜைக்குக் கீழ வெச்சிட்டு மறந்துட்டா. நான் ஜெராக்ஸ் பேப்பர்னு நெனச்சிகினு இருந்தேன். இப்பதான் அவ ஞாபகம் வந்து கேக்குறா."

பிரித்தேன். கட்டு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. மேலே உங்கள் பெயரும் அக்கா பெயரும். கீழே, 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும்' என்பதற்கு அடியில், முதல் ஆளாக, தாய்மாமன் என்று போட்டு என் பெயர், எம்.ஏ., எம்.ஃபில். புள்ளிகூட எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தபீதாள் பெயரும் பக்கத்தில்.

பாய் எட்டிப் பார்த்தார். "அதான பாத்தேன். ஊரையே கூப்புட வேண்டிய ஆளு நீங்க, கீழ் வூட்டுக்காரன எப்புடி மறந்தீங்கன்னு எனக்குப் பேஜாராப் போச்சு சார். ஜஹீராகூட சொல்லிச்சு, சாருக்கு நம்ம மேல எதுனா கோவமான்னு."

கட்டிலிருந்து ஒன்றை உருவி அங்கேயே நீட்டினேன். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாசப்படில நின்னுகினு குடுத்தா வாங்க மாட்டேன் சார். நீங்களும் அம்மாவும் வூட்டாண்ட வந்து குடுத்தாதான் நாங்க வருவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, நோ போட்டியாமே."

"எனக்கு யாரும் வந்து பத்திரிகை வைக்கல."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. "உனக்கு எதுக்குடா பத்திரிகை? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மளே நமக்கு வெச்சுக்குவாங்களா? எனக்கு யாரு வெச்சா? உங்க மச்சானுக்கு யாரு வெச்சா? உன்ன யாருடா இன்வைட் பண்ணுவா? நீதாண்டா இன்வைட் பண்ணணும். உன் காலேஜு, உன் பொண்டாட்டி வீடு, அக்கம்பக்கம் எல்லாத்துக்கும் நீ குடுக்கத்தானே ஜோஷ்வாகிட்ட தனியா ஒரு கட்டு குடுத்தனுப்பிச்சேன்."

அவள் குரல் இறங்கிவிட்டது. "நீ நோ போட்டதுலேர்ந்து உங்க மச்சான் சரியாச் சாப்புடல. மாமன் வர மாட்டாராம்மா, வர மாட்டாராம்மான்னு ஜீவிதா கேட்டுட்டே இருக்கா. உன் பேரு மேல ஸ்டிக்கர் ஒட்டிரலாமான்னு ஜோஷ்வா கேட்டான், அவன அறைஞ்சிட்டேன். மாமன் இல்லாம எப்டிடா அவள நலங்குக்கு ஒக்கார வெப்பேன்? சொல்லு."

"ஸ்டிக்கர் வேண்டாம்" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது, மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது.

பிறகு நானும் தபீதாளும் நல்ல துணி உடுத்திக்கொண்டு தட்டில் பழம் கல்கண்டு வைத்து எடுத்துக்கொண்டு இறங்கினோம். பாய் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம், ஜஹீரா சேமியா கொடுத்தார். மாடம்பாக்கத்தில் தனக்கோடி வீட்டுக்குப் போனோம். "ஒருத்தரு அழைக்கறவரா இருந்துகினு எனக்கே வரலன்னு சொன்னா நான் இன்னா சார் நெனைக்கறது?" என்று கேட்டுவிட்டு, நாளை முதல் என் மேஜைக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். பள்ளிக்கரணையில் தபீதாளின் தங்கை கதவைத் திறந்ததும் உள்ளே கூப்பிடவில்லை, தட்டைப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டாள். பத்திரிகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் அத்தான், இது நடுவுல குழிஞ்சிருக்கு?" என்றாள். மழை ஈரம் என்றேன். தபீதாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோவை மறுபடி யெஸ் ஆக்க பாய் முயன்று பார்த்தார். புறாதான் வந்துகொண்டிருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், நலங்குக்கு முதல்நாளே வந்துவிடுவோம். பத்திரிகை போதவில்லை. இன்வைட் பண்ண வேண்டியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆகவே இன்னும் ஒரு கட்டு இன்வைட் ஜோஷ்வாவிடம் கொடுத்தனுப்பவும். கீழே வைக்காமல் மாடியேறி வரச் சொல்லவும், அச்சுமுறுக்கு இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு என்கிறாள் தபீதாள். செருப்பு, பூச்சாடி, டியர் ஆல் ஆகியவை பற்றி எழுதியது அத்தனையும் உண்மை, ஆகவே கிழிக்க மாட்டேன். ஆனால் அச்சடித்த பத்திரிகையில் ஊரையே வாருங்கள் என்று அழைக்கிறவனின் பெயர், வர மாட்டேன் என்கிற கடிதத்துக்கு அடியிலும் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். யோசித்துப் பார்த்து, மேலே 'இப்படிக்கு' என்பதற்குப் பின்னால் இருக்கிற இடத்தை அப்படியே வெறுமையாக விட்டு, கையெழுத்தில்லாமல் தபால் பெட்டியில் போடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். யார் எழுதியது என்று அக்கா கேட்டால், நம்ம வீட்டு ஆள் யாரோ என்று சொல்லிவிடுங்கள்.